தரவுத்தளத்திலிருந்து ட்ராப்டவுன் பட்டியல்: ஒவ்வொரு தெரிவோடும் கூடுதல் விவரம் அனுப்பும் முறை

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து நிறுவையைப் பதிவதற்காக ஒரு சிறிய வலைச்செயலியைச் செய்துகொடுத்தேன். பட்டியலில் மலையின் (கொழுந்து பறிக்கும் பகுதியின்) இலக்கத்தைத் தெரிவுசெய்தவுடன், அங்கே முழுப்பேருக்கு, அதாவது முழு நாட்கூலிக்கு, எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்பது திரையில் தோன்ற வேண்டும். நிறுவை நடக்கும் இடத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருப்பதால், ஒவ்வொரு தெரிவுக்கும் சேவையகத்தைக் கேட்பது சரிவராது. பக்கம் திறக்கும்போதே அந்த அளவையும் ஒவ்வொரு ஆப்ஷனுடன் (பட்டியலிலுள்ள தெரிவுடன்) சேர்த்து அனுப்பிவிட வேண்டும்.

முதற்படி: பிஎச்பியில் பிடிஓ (PDO, பலவகைத் தரவுத்தளங்களுக்கும் பொதுவான இணைப்பு முறை) வழியாக மைஎஸ்கியூஎல்லுடன் இணைந்து, மலை அட்டவணையிலிருந்து அடையாள எண், பெயர், முழுப்பேர்க் கிலோ ஆகிய மூன்றையும் எடுங்கள். மைஎஸ்கியூஎல்லுக்கு மட்டுமேயான மைஎஸ்கியூஎல்-ஐ (MySQLi) நீட்சியும் இதைச் செய்யும். எனினும் நாளை தரவுத்தளத்தை மாற்ற நேர்ந்தால் பிடிஓவே கைகொடுக்கும்.

இரண்டாம் படி: ஃபோர்ஈச் சுழற்சிக்குள் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் ஆப்ஷனை எழுதுங்கள். வேல்யூவில் அடையாள எண்ணை மட்டும் வையுங்கள். கிலோவையும் அதற்குள்ளேயே கோடிட்டு ஒட்டிவிட்டுப் பிறகு வெட்டியெடுக்கும் பழக்கம் வேண்டாம். அதற்கென்றே எச்டிஎம்எல்5 ‘டேட்டா-’ என்று தொடங்கும் பண்புகளைத் தந்திருக்கிறது. நான் ‘டேட்டா-பேர்-கிலோ’ என்று வைத்தேன். பெயரில் மேற்கோள்குறி இருந்தால் பண்பு பாதியில் உடையும் என்பதால், எல்லா மதிப்புகளையும், அத்தகைய குறிகளைப் பாதுகாப்பான வடிவுக்கு மாற்றும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் (htmlspecialchars) சார்பு வழியாகவே அச்சிடுங்கள்.

மூன்றாம் படியில்தான் நான் இரண்டு நாள் தவித்தேன். தெரிவு மாறும்போது நிகழும் சேஞ்ச் நிகழ்வில், செலக்டின் (முழுப் பட்டியலின்) டேட்டாசெட்டை, அதாவது ‘டேட்டா-’ பண்புகளின் தொகுப்பை அல்ல, தெரிவான ஆப்ஷனின் டேட்டாசெட்டைப் படிக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் பண்பின் பெயரிலுள்ள இடைக்கோடு மறைந்து, அதை அடுத்த எழுத்து பெரிய எழுத்தாகிவிடும். இவை இரண்டையும் சரிசெய்த பிறகும், முழுப்பேருக்கு 18 கிலோ வேண்டிய மலையில் 9 கிலோ என்று பதிந்தபோது ‘முழுப்பேர்’ என்றே திரை காட்டியது. டேட்டாசெட் தருவதும் உள்ளீட்டுப் பெட்டி தருவதும் எழுத்துச்சரங்களே. அவற்றை ஒப்பிடும்போது முதல் எழுத்துகளான 9உம் 1உம் மோதுகின்றன, 9 வென்றுவிடுகிறது. இரண்டையும் நம்பர் சார்பில் இட்டு எண்ணாக்கிய பின்னரே ஒப்பிடுங்கள். ஒருவருடைய நாட்கூலி இந்த ஒரு வரியில் தங்கியிருக்கிறது.

‘மலையைத் தெரிவுசெய்க’ என்ற முதல் ஆப்ஷனுக்கு இந்தப் பண்பு இல்லாததால் அங்கே எண் கிடைக்காது. அப்போது ஒப்பீட்டைத் தொடங்காமலே திரும்பிவிடுங்கள்.

நான்காம் படி: படிவம் வந்துசேர்ந்ததும், கிலோ அளவை அடையாள எண்ணைக் கொண்டு தரவுத்தளத்திலிருந்தே மீண்டும் எடுங்கள். உலாவியிலுள்ள பண்பை யாரும் திருத்திவிடலாம் என்பதால், அதைத் திரையில் காட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்துங்கள்.

பின்சேர்க்கை: இதைச் செய்துபார்த்த பண்டாரவளை நண்பர் ஒருவருக்கு மலைப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்தன. அட்டவணையின் சார்செட் (எழுத்துக் குறியாக்கம்) தமிழை ஏற்கும் யுடிஎஃப்8எம்பி4 (utf8mb4) ஆக இருந்தும், பிடிஓ இணைப்புச் சரத்தில் சார்செட் குறிப்பிடப்படவில்லை. அங்கும் அதையே எழுதி, கேள்விக்குறிகளாகவே சேமிக்கப்பட்டுவிட்ட பெயர்களை மறுபடி தட்டச்சு செய்த பின் பட்டியல் தமிழில் வந்தது.