பாய் பின்னலிலிருந்து தொடங்குவோம்: ஆரம்ப வகுப்புகளுக்கான கோலமும் நிறமும்

கரும்பலகையில் வட்டம், முக்கோணம், வட்டம் என்று வரைந்து காட்டிக் கொப்பியில் பார்த்து வரையச் சொன்னால், பிள்ளை அழகாக வரைந்துவிடும். ஆனால் அந்தக் கோலம் எந்த ஒழுங்கில் வருகிறது என்பதை யோசிக்க வேண்டிய தேவை அதற்கு ஏற்படுவதில்லை. அடுத்து என்ன வரும் என்பதைப் பிள்ளையே முன்கூட்டிச் சொல்ல வேண்டிய வேலையைக் கையில் கொடுப்பதே சிறந்தது. மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு அதற்கான மாதிரிகள் வீட்டிலேயே இருக்கின்றன: திண்ணையில் விரித்த பன்பாயையும் மருதமுனைக் கைத்தறிச் சாரத்தையும் வகுப்புக்குக் கொண்டுவரச் செய்து, ஒரு நிறம் எங்கே மேலே வருகிறது, எங்கே மறைகிறது என்று விரலால் தொட்டுப் பார்க்க விடுங்கள்.

அதன்பின் தாளில் பாய் பின்னலாம். ஒரு ஏ4 தாளை, அதன் நீளப்பக்கம் பாதியாகும்படி மடியுங்கள். திறந்த விளிம்பிலிருந்து 2 சென்ரிமீற்றர் உள்ளே ஒரு கோடு வரைந்து, மடிப்பிலிருந்து அந்தக் கோடு வரை 2 சென்ரிமீற்றர் இடைவெளியில் வெட்டிக்கொண்டு போனால், விரிக்கும்போது பத்துப் பட்டிகள் கொண்ட பாவு, அதாவது நெடுக்கே ஓடும் பகுதி, கிடைக்கும். வேறு நிறத் தாள் ஒன்றைக் குறுகிய பக்கத்தின் வழியே அதே அகலத்தில் வெட்டினால் ஊடைக்கு, அதாவது குறுக்கே கோத்துப் பின்னுவதற்கு, போதுமான பட்டிகள் வந்துவிடும். தரம் 1, 2 பிள்ளைகளுக்கு 3 சென்ரிமீற்றர் அகலம் வசதியானது. வெட்டும் வேலையையும் ஆசிரியரே செய்துவைப்பது நல்லது.

முதற் பட்டி ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று போகட்டும். அடுத்தது அதற்கு எதிர்மாறாகப் போகட்டும். மூன்று வரிசை முடிந்ததும் எல்லோரையும் நிறுத்தி, நான்காவது பட்டி எங்கே தொடங்கும் என்று கேளுங்கள். பிழையாகச் சொன்ன பிள்ளையைத் திருத்த வேண்டாம், பின்ன விடுங்கள். ஒரே நிறக் கட்டங்கள் அடுத்தடுத்து ஒட்டி நிற்பதைக் கண்டதும் அது தானாகவே உருவியெடுக்கும். தரம் 4, 5 மாணவர்கள் இரண்டின் மேல், இரண்டின் கீழ் என்று பின்னி, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பட்டி தள்ளித் தொடங்கினால் படிக்கட்டுப் போன்ற சாய்கோலம் உருவாகும். நான்கு வரிசைக்கு ஒருமுறை அது மீண்டும் வருவதை அவர்களே எண்ணிக் கண்டறியட்டும்.

நிறங்களை இரண்டுடன் நிறுத்துங்கள். ஐந்தாறு நிறம் கொடுத்தால் பிள்ளையின் கவனம் நிறத்தோடு போய்விடும், ஒழுங்கு கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தெடுக்கும் இரண்டில் ஒன்று வெளிறியதாகவும் மற்றது அடர்த்தியானதாகவும் இருக்க வேண்டும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் தாள்களில் எவ்வளவு நேர்த்தியாகப் பின்னினாலும் கோலம் எழும்பாது.

அடுத்தது அச்சு. குறுக்கே வெட்டிய வெண்டிக்காய் பூப்போலப் பதியும். ஆனால் அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறத்தாழ ஒரே வடிவம்தான். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் பிறை வடிவமும் அதனுள் வரிசையாகக் கண்ணறைகளும் பதியும். பிறைக்குத் திசை உண்டு என்பதால், ஒவ்வொரு முறையும் கால்வட்டம் திருப்பிப் பதித்து, திரும்புதலும் ஒரு விதியாகலாம் என்பதைக் காட்ட இதுவே ஏற்றது. வெட்டிய முகத்தை முதலில் துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். இல்லாவிட்டால் வர்ணம் கரைந்து பரவிவிடும்.

வர்ணம் வாங்க வசதியில்லையென்றால் மஞ்சள் தூளே போதும். சுடுநீரில் கரைத்து ஆறவிட்ட மஞ்சளைத் தடித்த வெள்ளைத் தாளில் பூசி, நன்றாகக் காய விடுங்கள். பின் அப்பச்சோடா கரைத்த நீரில் வெண்டிக்காயைத் தோய்த்துப் பதித்தால், பதிந்த இடம் செம்பழுப்பாக மாறும். அந்தப் பூக்களில் ஒன்றுவிட்டு ஒன்றின் மேல் தேசிக்காய்ச் சாற்றைத் தொட்டு வைத்தால் அவை திரும்பவும் மஞ்சளாகிவிடும். வகுப்பு முழுவதும் ஆரவாரிக்கும் நேரம் அதுதான். மஞ்சள் கறை வெள்ளைச் சீருடையை விட்டு இலகுவில் போகாது, ஆகவே பழைய சட்டையொன்றை மேலே போட்டு வரும்படி முதல்நாளே சொல்லி அனுப்புங்கள். வெயில் பட்டால் இந்த நிறம் வெளுத்துவிடுமாதலால், படங்களை யன்னலுக்கு எதிரே தொங்கவிட வேண்டாம்.