கிச்சன் மேல் கப்போர்டு: கதவைத் தவிர மற்ற பக்கங்களை முடிப்பது எப்படி

மேல் கப்போர்டு என்றதும் எல்லாரும் கதவின் கலரைத்தான் பார்க்கிறார்கள். கடையில் மைக்கா (பலகை மேல் ஒட்டும் லேமினேட் ஷீட்) கேட்டலாக்கைப் புரட்டிப் புரட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்துவிடுவோம். பெட்டியின் பக்கவாட்டுக்கு என்ன, அடிப்பலகைக்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் ஆசாரி, உள்ளே ஒட்ட வாங்கிய மெல்லிய வெள்ளை ஷீட்டான லைனரையே அங்கும் ஒட்டிவிடுவார், இல்லையென்றால் ப்ரைமர் ஒரு கை அடித்து விட்டுவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கொட்டேஷனில் அது இல்லை. ஆனால் முதலில் கெடுவது அந்தப் பக்கங்கள்தான்: குக்கர் ஆவியும் தாளிப்புப் புகையும் மேலே ஏறி முட்டுகிற இடம் அடிப்பலகை.

அதனால் பெட்டி செய்யும் முன்பே எந்தெந்தப் பக்கம் கண்ணில் படும் என்று குறித்துக்கொள்ளுங்கள். நின்று பார்த்தால் போதாது. வெங்காயம் உரிக்கக் கீழே உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள், ஹாலில் சோபாவிலிருந்தும் பாருங்கள். மேடை 34 இன்ச், அதற்கு மேல் 2 அடி விட்டுப் பெட்டி என்றால் அடிப்பலகை 5 அடிக்கும் கீழேதான் இருக்கிறது, உட்கார்ந்திருப்பவருக்கு முழுக்கத் தெரியும். ஜன்னலோரம் முடிகிற பெட்டி, சிம்னிக்கு இரண்டு பக்கமும் நிற்கும் பெட்டிகளின் உள்நோக்கிய பக்கங்கள், ஃபிரிட்ஜ் மேல் வரும் பெட்டியின் அடி, இவைதான் வழக்கமாக விட்டுப்போகிறவை.

பிளைவுட்டில் தண்ணீர் தாங்கும் வகைக்கான ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். 303இல் எம்.ஆர். என்று போட்டது விலை குறைவு, ஆனால் தண்ணீரும் ஆவியும் படுகிற இடத்துக்கு அது சரிவராது. தெரிகிற பக்கத்துக்குக் கதவுக்கு எடுத்த அதே 1 மி.மீ. மைக்காதான். இதற்குத் தனி ஷீட் தேவைப்படாமலும் போகலாம். 8 அடிக்கு 4 அடி ஷீட்டில் கதவு போக மிஞ்சும் துண்டே, 1 அடி ஆழமுள்ள பக்கப்பலகைக்குப் பெரும்பாலும் போதும். மர வரி கதவில் செங்குத்தாக ஓடினால் பக்கத்திலும் அப்படியே ஓடவேண்டும் என்பதை மட்டும் வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும், வெட்டிய பிறகு சொன்னால் துண்டு பத்தாது. பலகையின் உள்பக்கம் லைனர் ஒட்டாமல் விடக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் மைக்கா இருந்தால் பலகை நாளடைவில் வளையும்.

ஒட்டுவதைப் பெட்டியை மாட்டும் முன்பே, கீழே வைத்துச் செய்வது நல்லது. பிளைவுட்டை 80ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, வெள்ளை ஃபெவிகாலைச் சீராகப் பரப்பி, மேலே பாரம் ஏற்றி ஒரு ராத்திரியாவது விடவேண்டும். சுவரில் ஏற்கெனவே மாட்டிய பெட்டிக்குப் பாரம் வைக்க முடியாது, அங்கே ரப்பர் பசைதான். இரண்டு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்க்கவேண்டும். பட்டால் பட்டதுதான், நகர்த்த முடியாது. அதனால் நடுவில் மெல்லிய ரீப்பர்களை (மரச்சட்டங்களை) வைத்து, அளவைச் சரிபார்த்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே அழுத்துங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் ஃபேனுக்கு அடியில் தடவினால் பசை மேலாக ஆடை கட்டிவிடும், பிடிக்காது. காலையிலேயே ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து, அடுப்பையும் கேஸையும் மூடிவிட்டுச் செய்யுங்கள். அந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் சூடு தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள், சாதாரண ரப்பர் பசை சூட்டில் இளகும்.

வரிசை முக்கியம். முதலில் அடி, அப்புறம் பக்கம், கடைசியில் முன்விளிம்பு. மைக்காவின் ஓரம் கறுப்புக் கோடாகத் தெரியும், கடைசியாக ஒட்டுவது முந்தையதன் ஓரத்தை மூடிவிடும். சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக விட்டு ஒட்டி, ட்ரிம்மரால் வெட்டி, அரத்தைப் பலகைப் பக்கமாகத் தள்ளித் தேய்க்கவேண்டும். இழுத்துத் தேய்த்தால் ஓரம் பிய்ந்துவிடும். சுவரை ஒட்டிய பின்விளிம்புகளை யாரும் மூடுவதில்லை. அங்கே ஈரம் ஏறாமல் தடுக்கும் சீலர் இரண்டு கை அடித்தாலே பெரிய விஷயம்.

சரி, சுவர். நம் பூச்சு எங்கே தூக்குக்குண்டுக்கு நேராக இருக்கிறது? பக்கப்பலகையைப் பின்னால் 10 மி.மீ. நீட்டி வைத்துச் செய்யச் சொல்லுங்கள். சுவரோடு ஒட்டிப் பிடித்து, காம்பஸின் ஒரு காலைச் சுவரில் ஓட்டினால் மறுகால் பலகையில் சுவரின் வளைவை அப்படியே வரையும். அந்தக் கோடுவரை இழைப்புளியால் இழைத்து, மிச்ச இடுக்கில் மெல்லிசாக சிலிகான் விட்டால் போதும். பட்டி வைத்து அடைத்தால் விரிசல் விடும். இடுக்கை மூட மெல்லிய சட்டமான பீடிங் அடிப்பது சுலபம்தான், ஆனால் அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு சேரும்.

பழைய பெட்டிக்கு என்றால் 6 மி.மீ. பிளைவுட்டில் மைக்கா ஒட்டி, உள்ளேயிருந்து 22 மி.மீ. ஸ்க்ரூவால் முடுக்கிவிடலாம். பெட்டி 18 மி.மீ. என்றால் அந்த ஸ்க்ரூ புதுப் பலகைக்குள் 4 மி.மீ. ஏறிப் பிடிக்கும், வெளியே வராது.

அடிப்பலகைக்கு என் கணக்கு வேறு: கதவோடு மேட்ச் செய்யாமல் பளபளப்பான வெள்ளையே போடலாம். சொரசொரப்பு மைக்காவில் எண்ணெய் பிடித்தால் துடைத்துப் போகாது, வெள்ளை நிறம், கீழே இருக்கும் மேடைக்கு வெளிச்சத்தையும் திருப்பித் தரும். எல்ஈடி விளக்கைப் பொருத்தும் ப்ரொஃபைல் சட்டம் வைப்பதாக இருந்தால் அதன் பள்ளத்தை மைக்காவுக்கு முன்பே வெட்டவேண்டும். மேல்பலகை சீலிங்கைத் தொடாவிட்டால் லைனர் ஒட்டி, மேலே நியூஸ்பேப்பர் விரித்து அவ்வப்போது மாற்றினால் போதும், அதற்கு மேல் செலவு வேண்டாம்.

ஏற்காட்டில் வீடு என்றால் கொஞ்சம் கூடுதல் பொறுமை தேவை. 1500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளே வருகிற ஊரில் வெள்ளைப் பசை காயவே நேரம் எடுக்கும். வெளிச்சுவரில் மாட்டும் பெட்டிக்குப் பின்னால் ரீப்பர் கொடுத்துக் காற்றோட்டம் விட்டு, பின்பலகையின் இரண்டு முகத்துக்கும் சீலர் அடித்துவிடுங்கள். காபித் தோட்டத்து சில்வர் ஓக்கில் பக்கப்பலகை போட ஆசைப்படுபவர்கள் நன்றாக உலர்ந்த பலகையாகப் பார்த்து எடுத்து, 120, 180, 220 நம்பர் உப்புத்தாள் என்று வரிசையாகத் தேய்த்து ஏறி, இரண்டு முகத்துக்கும் ஒரே அளவு பாலிஷ் கொடுக்கவேண்டும். மூட்டம் இறங்கியிருக்கும்போது லேக்கர் அடித்தால் வெள்ளை பூத்துவிடும், வெயில் வந்த மதியத்தில் அடியுங்கள்.

மைக்கா மேல் இருக்கும் பாதுகாப்பு பிளாஸ்டிக்கை ஆசாரி கிளம்பும் அன்றே உரித்துவிடுங்கள், அடுப்புச் சூட்டில் அது ஒட்டிக்கொண்டால் கிழிந்து கிழிந்து வரும். மிச்சத் துண்டு ஒன்றின் பின்னால் மைக்கா நம்பரை எழுதி லாஃப்டில் போட்டு வையுங்கள்.