ஊர்க் காணிக்கு அரசாங்கம் உரிமை கோரினால்: விடுமுறையில் போகிறவர்கள் எண்ண வேண்டிய நாட்கள்

இலங்கைக்கு விடுமுறையில் போகும்போது, அப்பாவின் காணியில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து வைத்திருந்து கையில் தந்தால், முதலில் அதில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பாருங்கள். 'காணியை அரசாங்கம் எடுக்குதாம்' என்று ஊர் ஒரே பேச்சாகப் பேசும். ஆனால் சட்டத்துக்குச் சட்டம் வழியும் வேறு, நாட்கணக்கும் வேறு.

1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டமென்றால், பிரிவு 2 ஆரம்ப அறிவித்தல்தான். பிரிவு 4 வந்தால் ஆட்சேபனையையும், 7 வந்தால் உங்கள் உரிமைக் கோரிக்கையையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரணையில் உரித்து உங்களுக்கில்லை என்று முடிவானால், அதை நீதிமன்றத்துக்கு ஆற்றுப்படுத்தும்படி கேட்க 14 நாட்களே உண்டு. நட்டஈட்டுத் தொகையில்தான் குறை என்றால் மீளாய்வுச் சபைக்கு 21 நாட்கள். 2013இல் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்குப் பிரிவு 2 அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, 2,000க்கும் அதிகமானோர் காணி உறுதிப் பத்திரங்களோடு நீதிமன்றம் போனார்கள்.

2025 மார்ச் 28 வர்த்தமானி இன்னொரு வகை. காணி யாருக்கு உரியது என்று தீர்மானிக்கும் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரச் சொன்னது. வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்த மூன்று மாதம் எம்மட்டு? ஜூன் 27இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எல்லோருக்கும் அப்படி ஒரு தடை கிடைக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

அரச காணி என்று சொல்லி வெளியேறும் அறிவித்தல் தந்தால், அது 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். நீதவான் அங்கே உங்கள் உறுதியை ஆராய மாட்டார். அரசு தந்த செல்லுபடியான எழுத்து அனுமதி இருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பார். உரித்தை நிலைநாட்ட, வெளியேற்றக் கட்டளையிலிருந்து ஆறு மாதத்துக்குள் மாவட்ட நீதிமன்றில் அரசுக்கு எதிராக வழக்கிட வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்பே சட்டமா அதிபருக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். பத்து வருடம் தொடர்ந்து காணியை ஆண்டதால் வரும் ஆட்சியுரிமை அயலவருக்கு எதிராகச் செல்லும், அரசுக்கு எதிராகச் செல்லாது. ஆகவே உறுதியே உயிர். அது போரில் தொலைந்திருந்தாலும் காணிப் பதிவகத்தில் இரண்டாம் பிரதி இருக்கக்கூடும். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் தேடுவது சுலபம். தோம்பு (பழைய காணிப் பதிவேடு), நில அளவைப் படம், சோலைவரிப் (உள்ளூராட்சி ஆதன வரி) பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் அந்தப் பயணத்திலேயே திரட்டுங்கள்.

மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு பாதகமானால் மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாட்கள்; ஞாயிறும் பொது விடுமுறையும் கணக்கில் சேரா. மேன்முறையீட்டு மனுவுக்குத் தீர்ப்பிலிருந்து 60 நாட்கள். அதில் எல்லா நாளும் சேரும். இந்த வேறுபாட்டில் தவறித் தோற்பதைப்போல வயிறெரியும் விடயம் வேறில்லை. அந்த மேன்முறையீடு மாகாணக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கும் சரிவராவிட்டால், உயர் நீதிமன்ற அனுமதி கேட்க 42 நாட்கள்.

மூன்று கிழமை விடுமுறைக்குள் இவை அடங்கா. திரும்புமுன் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) எழுதிப் பதிவு செய்யுங்கள். வழக்கிடவும் மேன்முறையிடவும் அதிகாரம் உண்டென்று அதில் வெளிப்படையாக இருக்கட்டும். உங்கள் வெளிநாட்டு முகவரியைப் பிரதேச செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தப் பற்றுச்சீட்டையும் உறுதியோடு வையுங்கள்.