எலெக்ட்ரானிக் டிரம் சவுண்டு பிளாஸ்டிக் மாதிரி இருக்கா? லேப்டாப்லயே சரி பண்ணலாம்

சிங்கப்பூர் எச்டிபி அடுக்குமாடி வீட்ல அக்கூஸ்டிக் டிரம்ஸ் வைக்கிறதெல்லாம் நடக்காத காரியம், அதனால இங்க நம்ம பசங்க பெரும்பாலும் எலெக்ட்ரானிக் கிட்தான் வாங்குறாங்க, வாங்கி கொஞ்ச நாள்லயே "ஸ்நேர் தட்டுனா உயிரே இல்ல அண்ணே"ன்னு வந்து நிப்பாங்க. உடனே ஆயிரம் ரெண்டாயிரம் வெள்ளி போட்டு புது மாட்யூல் (பேடுல அடிக்கிறதை சத்தமா மாத்துற பெட்டி) வாங்க ஓடாதீங்க. பேடு ஒழுங்கா வேலை செஞ்சா போதும், சவுண்டை லேப்டாப்ல இருந்து எடுத்துக்கலாம்.

விலை கம்மி மாட்யூல்ல ஒரு டிரம்முக்கு சாம்பிள் (ரெக்கார்ட் பண்ணி வச்ச சத்தம்) கொஞ்சம்தான் இருக்கும், வேகமா ரோல் அடிச்சா ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்து மெஷின் கன் மாதிரி கேக்கும். டிரம் சாஃப்ட்வேர்ல ஒரே ஸ்நேரை மெதுவா, பலமா, அதுக்கு நடுவுலன்னு பல லெவல்ல, ஒவ்வொரு லெவலையும் பல தடவை அடிச்சு ரெக்கார்ட் பண்ணி வச்சிருப்பாங்க, அதை மாத்தி மாத்தி வாசிக்கும்.

மாட்யூல் பின்னாடி யூஎஸ்பி இருக்கும், அதை லேப்டாப்ல இணைச்சா நீங்க அடிக்கிற விவரம் மிடி சிக்னலா போகும். நிறைய மாடல்ல பிரிண்டருக்குப் போடுற அந்த சதுர வாய் கேபிள்தான், சிம் லிம் ஸ்குவேர்ல எந்தக் கடையிலயும் கிடைக்கும். ஆரம்பத்துக்கு டிரம் சாஃப்ட்வேர்ல எம்டி பவர் டிரம் கிட் 2, இல்ல ஸ்டீவன் ஸ்லேட் டிரம்ஸ் 5.5 ஃப்ரீ வெர்ஷன் போதும். அதை மேக்கா இருந்தா கராஜ்பேண்ட், விண்டோஸ்னா ரீப்பர்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல லோட் பண்ணிக்கலாம், ரீப்பர் 60 நாள் ட்ரையல் தருது. சுப்பீரியர் டிரம்மர் 3 அருமைதான், ஆனா முழு லைப்ரரி 200 ஜிபிக்கு மேல, அதுக்கெல்லாம் இப்ப அவசரமில்ல.

ஹெட்ஃபோனை மாட்யூல்ல இருந்து கழட்டி லேப்டாப்லயோ ஆடியோ இன்டர்ஃபேஸ்லயோ (வெளியில மாட்டுற சவுண்ட் கார்டு) மாட்டுங்க. ப்ளூடூத் வேணவே வேணாம், அடிச்சு முடிச்சப்புறம்தான் சத்தம் வரும். விண்டோஸ்ல சத்தம் லேட்டாகாம இருக்க ஏசியோ டிரைவர் கட்டாயம், இன்டர்ஃபேஸ் இல்லாதவங்க ஏசியோ4ஆல் போடுங்க. பஃபர் சைஸ் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு சேர்த்து அனுப்புற சத்தத்துண்டுகளோட எண்ணிக்கை) 128 வைங்க, 44.1 கிலோஹெர்ட்ஸ்ல அது சுமார் 3 மில்லிசெகண்ட், டிரைவருக்கும் ஹார்ட்வேருக்கும் ஆகுற நேரம் அதுக்கு மேல சேரும். மொத்தம் 10-ஐத் தாண்டுனா கைக்கே தெரிய ஆரம்பிச்சிரும். பட்பட்னு வெடிச்சா 256-க்கு ஏத்துங்க.

இப்ப முக்கியமான இடம், வெலாசிட்டி, அதாவது அடியோட பலம். நிறைய பேர் இதைத் தொடவே மாட்டாங்க, எவ்வளவு காசு கொடுத்து லைப்ரரி வாங்குனாலும் இது சரியில்லன்னா சவுண்டு செத்துதான் இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் மாட்யூல் 1-ல இருந்து 127 வரைக்கும் ஒரு நம்பர் அனுப்பும். ரெக்கார்ட் பட்டனை அமுக்கிட்டு ஸ்நேர்ல கொஞ்சம் அடியை விரல் நுனியால தட்டுற மாதிரி மெதுவா, கொஞ்சம் சாதாரணமா, கொஞ்சம் ஓங்கி அடிங்க, அப்புறம் மிடி எடிட்டரைத் திறந்து அந்தக் குச்சிகளோட உயரத்தைப் பாருங்க. சாதாரண அடியே 120-ல போய் முட்டி நிக்குதா, மாட்யூல்ல சென்சிட்டிவிட்டியைக் குறைங்க. மெதுவா அடிச்சது பதிவே ஆகலையா, த்ரெஷோல்டை (அடி பதிவாகத் தேவையான குறைஞ்சபட்ச பலம்) குறைங்க. டாம் அடிக்கும்போது ஸ்நேரும் சேர்ந்து பேசுச்சுன்னா அப்படிக் கலக்குறதைத் தடுக்குற கிராஸ்டாக் செட்டிங்கைக் கூட்டணும். இதெல்லாம் முடிச்சப்புறம்தான் சாஃப்ட்வேர்ல இருக்குற வெலாசிட்டி கர்வைத் (எந்த பலத்துக்கு எவ்வளவு சத்தம்னு சொல்ற கோடு) தொடணும், சாதாரண அடி 70, 80 பக்கம் வந்தா கோஸ்ட் நோட்டும் (ரொம்ப மெதுவான அடி) கேக்கும், ஆக்சென்ட்டும் (ஓங்குன அடி) தனியாத் தெரியும்.

சாஃப்ட்வேர்ல உங்க மாட்யூல் பேர்ல ப்ரீசெட் இருந்தா அதை எடுங்க. இல்லன்னா மிடி நோட் நம்பரை இப்படி வைங்க: கிக் 36, ஸ்நேர் 38, மூடுன ஹைஹேட் 42, திறந்தது 46. ஹைஹேட் பெடல் சிசி 4-ங்கிற மிடி கன்ட்ரோல்ல போகும், மிதிச்சா திறந்த சத்தம் வந்துச்சுன்னா இன்வெர்ட் ஆப்ஷனைத் தேடுங்க. சாஃப்ட்வேர்ல ஓவர்ஹெட் (டிரம்முக்கு மேல வைக்கிற மைக்), ரூம் மைக் ரெண்டையும் லேசா ஏத்துனா ஒரு ஹால்ல உக்காந்து வாசிக்கிற உணர்வு வரும், ரொம்ப ஏத்துனா கொழகொழன்னு ஆயிரும்.

கிக் பெடல் அதிர்ச்சிக்கு எந்த சாஃப்ட்வேரும் உதவாது, கீழ் வீட்டு அங்கிளுக்கு அந்தத் தொம்தொம்தான் கேக்கும், அதனால தடியான ரப்பர் மேட் போடுங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல பெடலை விட்டுட்டு கை ப்ராக்டிஸ் மட்டும் பண்ணுங்க.

உறுமி மேளம் வாசிக்கிற தம்பிங்களுக்கு இன்னொண்ணு. சிட்டாலான்னு ஒரு ஃப்ரீ சாம்ப்ளர் (நம்ம ரெக்கார்டிங்கையே பேடுல வாசிக்க வைக்கிற சாஃப்ட்வேர்) இருக்கு, 16 பேடு. உங்க குரூப்போட உறுமியையும் தப்பையும் ஒவ்வொரு அடியா ரெக்கார்ட் பண்ணி, முன்னாடி இருக்குற வெத்து இடத்தை சுத்தமா வெட்டிட்டு இழுத்துப் போடுங்க, கொஞ்சம் இடம் விட்டாலும் சத்தம் லேட்டாதான் வரும். டாம் பேடுல உறுமி, ரிம்முல தப்புன்னு வச்சுக்கலாம்.