இந்திக் குறுஞ்சொற்களின் வேரைப் பஞ்சாங்கத்தில் தேடும் முறை

வன்னியில் இந்தி படிக்கத் தொடங்குபவர்களுக்கு சாத், ஆட், ஹாத், காம் போன்ற குட்டிச் சொற்கள்தான் மனதில் நிற்பதில்லை. வேர் தெரிந்தால் நிற்கும். அதற்கு வற்றாப்பளைப் பொங்கலுக்கு நாள் பார்க்கிற அதே பஞ்சாங்கம் போதும்.

கொப்பியில் நான்கு நிரல் கீறுங்கள்: சமஸ்கிருதம், பிராகிருதம் (சமஸ்கிருதத்துக்கும் இந்திக்கும் இடைப்பட்ட பழைய மொழி வடிவம்), இந்தி, சிங்களம். சப்தமி ஏழாம் திதி. சப்த, சத்த, சாத், ஹத என்று வரிசையாக எழுதுங்கள். எட்டாம் திதி அட்டமிக்கு அஷ்ட, அட்ட, ஆட், அட. அத்த நட்சத்திரத்தின் பொருள் கை: ஹஸ்த, ஹத்த, ஹாத், அத.

விதி இப்போது கண்ணில் படும். சமஸ்கிருதத்தில் சேர்ந்து வந்த இரு வேறு மெய்களைப் பிராகிருதம் ஒரே மெய்யாக இரட்டித்தது. இந்தி அதில் ஒன்றை விட்டு, ஈடாக முன்னுள்ள உயிரை நீட்டியது. சிங்களமும் ஒன்றை விட்டது, ஆனால் நீட்டவில்லை. வவுனியாச் சந்தையில் காதில் விழும் ஹத, அட குறிலாக இருப்பது அதனால்தான். நம் அத்தமும் அட்டமியும் நடுப்படியான பிராகிருத வடிவை ஒத்திருப்பது எவ்வளவு அழகு!

புதுச் சொல் வந்தால் பின்னோக்கிப் போங்கள்: நெடிலைக் குறிலாக்கி, மெய்யை இரட்டித்து, பிறகு மூலத்தைத் தேடுங்கள். கான் (காது), கண்ண, கர்ண. ஆஜ் (இன்று), அஜ்ஜ, அத்ய. தூத் (பால்), துத்த, துக்த. இதன் பொருள் 'கறந்தது'.

பிழை அதிகம் நேர்வது எழுத்தில். தமிழில் 'சாத்' என்று எழுதினால் ஏழா, 'உடன்' என்ற சொல்லா என்று தெரியாது. ஏழுக்கு, இந்தியை எழுதும் தேவநாகரியின் தகர வரிசையில் முதல் எழுத்து, மற்றதற்கு இரண்டாவது. 'உடன்' என்பதன் வேர் சார்த்த. ஆகவே தேவநாகரி வடிவத்தையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஒரே ஒலிக்கு இரு மூலமும் இருக்கலாம். காம் என்றால் வேலை (கர்ம), ஆசையும் கூட (காம). எது என்பதை வசனத்தின் பொருளே சொல்லும்.

தில் (மனம்), சால் (ஆண்டு) பாரசீகச் சொற்கள்; விதிக்குள் திணிக்க வேண்டாம். ஹஃப்தா (கிழமை) சப்தவைப் போலத் தோன்றினாலும் அதன் பிள்ளையல்ல. பாரசீக வழி வந்த உடன்பிறப்பு.

மீன ராசியில் மட்டும் திசை மாறும். மீன, நீர ஆகியவை திராவிட மொழிகளிலிருந்து சமஸ்கிருதத்துக்குப் போனவை என்பதே மொழியியலாளர் பலரின் முடிவு. அவற்றுக்கு முதல் நிரலின் இடப்பக்கத்தில் இன்னொரு நிரல் கீறி, மீன், நீர் என்று எழுதுங்கள்.