கூர்நோக்கு இல்லத்தில் தொழில் சொல்லித்தரப் போகிறீர்களா?

போன மாதம் ஒரு புதுப் பயிற்சியாளர் என் பட்டறைக்கு வந்தார். கூர்நோக்கு இல்லத்துப் பையன்களுக்கு, அதாவது குற்ற வழக்கில் சிக்கிய சிறுவர்களுக்கு, டூவீலர் மெக்கானிக் வேலை சொல்லித்தரப் போகிறவர். கையில் ஒரு சான்றிதழ் மாதிரி வைத்திருந்தார். பளபளவென்று தங்க நிற பார்டர், உச்சியில் கொட்டை எழுத்தில் இல்லத்தின் பெயர். எனக்குச் சுரீரென்றது. பல வருடம் முன்னால் இதே வேலையில் இருந்தபோது நான் அச்சடித்துக் கொடுத்ததும் அச்சு அசல் இதுதான்.

நேரத்துக்குப் போங்கள், பையன்கள் மேல் கை நீட்டாதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. தவிர்க்க வேண்டிய மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

ஆறு மாதப் பாடத்திட்டம்

கூர்நோக்கு இல்லம் விசாரணை முடியும்வரை தங்கும் இடம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி விசாரணையை 4 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும். ஜாமீன் அதற்கு முன்பே வந்துவிடலாம். நானோ முதல் மாதம் முழுக்கக் கரும்பலகையில் எஞ்சின் படம் போட்டேன். ஸ்பேனரைத் தொடுமுன்பே பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இப்போதெல்லாம் பஞ்சர், செயின், பிரேக், ஆயில் மாற்றுவது என வாரத்துக்கு ஒரு வேலை. எந்த வாரம் கிளம்பினாலும் ஒன்றாவது கையில் இருக்கும். விசாரணையில் தவறு உறுதியானவர்களை மூன்று வருடம் வரை தங்கவைக்கும் சிறப்பு இல்லம் என்றால் கதை வேறு, அங்கே ஐடிஐ பாடத்தையே எடுக்கலாம்.

சான்றிதழில் இல்லத்தின் பெயர்

இதை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது, என் மீதுதான். அரசு நிறுவனத்தின் பெயர் இருந்தால் மதிப்பு கூடும் என்று நம்பினேன். என் முதல் செட்டிலேயே வேலை சுத்தமான ஒரு பையன், காதை வைத்தே எஞ்சினுக்குள் வரும் டேப்பெட் சத்தத்தைக் கண்டுபிடிப்பான். வெளியே போனதும் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை கேட்டான். வண்டியைக் கழற்றிக் காட்டச் சொன்னார்கள், காட்டினான். சம்பளம்கூடப் பேசியாகிவிட்டது. அப்புறம் சான்றிதழைக் கேட்டார்கள். சூப்பர்வைசர் முதல் வரியைப் படித்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம் தம்பி" என்றாராம். அவ்வளவுதான். "மாஸ்டர், அந்தப் பேப்பர் இல்லாமப் போயிருந்தா வேலை கிடைச்சிருக்கும்" என்றான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வழக்கு முடிந்த சிறுவனின் பழைய விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் வெளியிடக் கூடாது என்கிறது 74ஆம் பிரிவு. போலீஸ் சொல்லக் கூடாததை நான் லேமினேஷன் போட்டு அவன் கையிலேயே கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

பெயருக்கு அவ்வளவு பிசுபிசுப்பு உண்டு. பார்ஸ்டல் என்பது இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் உள்ள ஒரு ஊர். 1902இல் அங்கே இளங்குற்றவாளிகளுக்குச் சிறை தொடங்கியதோடு ஊர்ப்பெயரே முத்திரையாகிவிட்டது. அந்த நாடே விட்டுவிட்ட பெயரை நாம் இன்னும் பார்ஸ்டல் பள்ளி என்று போர்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

ஆகவே வெளியில் இருக்கும் தொழிற்பயிற்சி நிறுவனத்தையோ ஒரு பட்டறையையோ பிடித்து, அவர்களே சோதித்து, அவர்கள் பெயரிலேயே சான்றிதழ் தரச் செய்யுங்கள். பயிற்சி மையம் என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி வரும், அங்கேயும் இல்லத்தின் பெயர் வராமல் பாருங்கள். இரண்டாவது முறை நான் மாட்டியது அந்த வரியில்தான். விழா ஃபோட்டோவும் இதே வகைதான். பையன் முகம் தெரிய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால், 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

வந்தவர், "40 காப்பி அடிச்சாச்சே சார்" என்றார். கிழித்துப் போடச் சொன்னேன். மறுபடி அடிக்கும் செலவில் பாதி என்னுடையது.

என்ன கேஸ் என்று கேட்பது

கேட்காதீர்கள்.

தானமாக வந்த வண்டி

யாரோ கொடுத்த பழைய கார்புரேட்டர் வண்டியிலேயே பாடத்தை முடித்துவிடாதீர்கள். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி வந்தபின் புது வண்டிகள் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. தையலிலும் அப்படித்தான்: காலால் மிதிக்கும் மெஷினில் மட்டும் பழகியவன் திருப்பூர் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் முன்னால் முழிப்பான்.

ஸ்பேனர் கணக்கு

வகுப்பு முடிந்ததும் எல்லோர் முன்னாலும் எண்ணுங்கள், உங்கள் பையில் இருப்பதையும் சேர்த்து. எங்கள் 10-11 ரிங் ஸ்பேனர் மூன்று நாள் காணாமல் போய், கடைசியில் என் ஸ்கூட்டர் டிக்கியில்தான் இருந்தது.