அமெரிக்காவிலிருந்து ஏஐ ஏற்றுமதி: சிறு நிறுவனம் அரசு உதவியைப் பெறுவது எப்படி?

அரசு உதவி என்றதும் பலருக்கும் மானியக் காசோலைதான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் ஏற்றுமதியாளருக்கு நேராகக் கையில் பணம் கிடைப்பது குறைவு. பெரும்பகுதி கடன் உத்தரவாதமும் காப்பீடும்தான். மருத்துவ ஸ்கேன் படங்களை ஆராயும் மென்பொருளுக்கு வெளிநாட்டிலிருந்து முதல் ஆர்டர் வந்திருக்கிறது, அலுவலகத்தில் பத்துப் பேர்தான் என்று வைத்துக்கொள்வோம். எங்கே தொடங்குவது?

படி 1: வகைப்பாட்டு எண்

உங்கள் பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் எந்தப் பிரிவில் வருகிறது என்பதைச் சொல்லும் எண் இது. பணத்தைத் தேடுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். வர்த்தகத் துறையின் கீழ் இயங்கும் பிஐஎஸ் பணியகம்தான் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்கிறது. உயர்திறன் ஏஐ சிப்கள் 3ஏ090 என்ற எண்ணில் வருகின்றன. பல நாடுகளுக்கு அவற்றை அனுப்ப உரிமம் வேண்டும். சாதாரண வணிக மென்பொருள் பெரும்பாலும் இஏஆர்99 என்ற பொதுப் பிரிவில் அடங்கிவிடும். ஆனால் “நம்முடையது வெறும் மென்பொருள்தானே” என்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம். அதில் தகவலைப் பூட்டிவைக்கும் குறியாக்கம் (என்கிரிப்ஷன்) இருந்தால் 5டி992 போன்ற வேறொரு எண்ணுக்குப் போய்விடலாம். சந்தேகம் இருந்தால் பிஐஎஸ்ஸின் ஸ்நாப்-ஆர் தளத்தில் விண்ணப்பித்து எழுத்துபூர்வமான பதிலே வாங்கிவிடலாம்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. கட்டுப்பாட்டுக்குள் வரும் தொழில்நுட்பத்தையோ மூல நிரலையோ உங்கள் அலுவலகத்திலேயே வேலை பார்க்கும் எச்-1பி பொறியாளரிடம் கொடுத்தாலும் அது ஏற்றுமதியாகவே கருதப்படும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

படி 2: வாங்குபவர் யார்?

யாருக்கெல்லாம் விற்பதில் தடையோ கட்டுப்பாடோ இருக்கிறது என்பதைச் சொல்லும் அரசின் ஒருங்கிணைந்த தடைப் பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரை அப்படியே இட்டுப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். அரபி, சீனப் பெயர்களை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதுவார்கள். தோராயத் தேடல் வசதியையும் முடுக்கிவிடுங்கள். முடிவு வந்த பக்கத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள்.

படி 3: சிறு செலவுகளுக்கு மானியம்

சிறுதொழில் நிர்வாகமான எஸ்பிஏ, ஸ்டெப் என்ற திட்டத்தின் கீழ் மாநிலங்களுக்கு நிதி தருகிறது. வெளிநாட்டுக் கண்காட்சி, இணையதள மொழிபெயர்ப்பு போன்ற செலவுகளுக்கு மாநிலம் உங்களுக்கு உதவும். தொகையும் விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள்.

படி 4: கடனும் காப்பீடும்

எனக்குக் கேட்டால் சிறு நிறுவனத்துக்கு உண்மையான பலன் இங்கேதான். எஸ்பிஏயின் ஏற்றுமதி நடைமுறை மூலதனத் திட்டத்தில் 50 லட்சம் டாலர் வரையிலான கடனுக்கு 90 சதவீத உத்தரவாதம் உண்டு. அந்த உத்தரவாதம் வங்கிக்கு. கடனைக் கட்ட வேண்டியது நீங்கள்.

1934-இல் தொடங்கிய எக்சிம், அதாவது அமெரிக்க அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கி, வெளிநாட்டு வாடிக்கையாளர் பணம் தராமல் போகும் அபாயத்துக்குக் காப்பீடு தருகிறது. 2,00,000 டாலர் பில்லுக்கு 60 நாள் தவணை கொடுத்திருக்கிறீர்கள், வாங்கியவர் திவாலாகிவிட்டார். சிறு நிறுவனங்களுக்கான 95 சதவீதப் பாலிசியில் 1,90,000 டாலர் வரை கோரலாம். வேலையை ஒப்படைத்த பிறகு பாலிசி தேடினால் பயனில்லை. 2019-இல் எக்சிம் வங்கிக்கு அனுமதியை நீட்டித்த சட்டம், சீனப் போட்டியை எதிர்கொள்ள முன்னுரிமை தர வேண்டிய துறைகளில் ஏஐயையும் சேர்த்திருக்கிறது.

படி 5: பெரிய திட்டம்

2025 ஜூலை 23 அன்று வந்த அதிபரின் 14320-ஆம் எண் நிர்வாக ஆணைதான் செய்திகளில் அடிபடுவது. சிப்பும் தரவு மையமும், தரவுக் கட்டமைப்பு, ஏஐ மாதிரி, பாதுகாப்பு, பயன்பாட்டு மென்பொருள் என எல்லா அடுக்குகளும் சேர்ந்த முழுத் தொகுப்பாக ஏற்றுமதி செய்யும் கூட்டணிகளையே அது தேடுகிறது. எந்த நாட்டுக்கு, தரவு மையத்தை யார் கட்டுவது, யார் நடத்துவது, என்ன அரசு உதவி வேண்டும் என்பதையெல்லாம் முன்மொழிவில் சொல்ல வேண்டும். பத்துப் பேர் நிறுவனம் இதைத் தனியாக எழுத முடியாது. பெரிய நிறுவனம் ஒன்றின் கூட்டணியில் பயன்பாட்டு அடுக்காகச் சேர்வதே நடக்கக்கூடிய வழி. முன்மொழிவு முழுவதுமே ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது ஆணையின் நிபந்தனை. ஆகவே கூட்டணிப் பேச்சுக்குப் போகும்போது முதல் இரண்டு படிகளின் கோப்பையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.